அக்கான்னு கூப்பிட்ட உன் பொண்ணு

என் கண்ணு அமுதா,

நான்தான்டி எழுதுறேன், உன் அம்மா. உனக்கு ஆச்சரியமா இருக்கும். ரேஷன் கடையிலயும் பேங்குலயும் கையெழுத்துப் போடறதைத் தவிர நான் எழுதி நீ பார்த்ததில்ல. அஞ்சாவதுல லெட்டர் எழுதச் சொல்லிக் குடுத்த டீச்சர், நான் நலம், நீ நலமான்னுதான் ஆரம்பிக்கணும்னாங்க. உன்கிட்ட அதை எப்படிக் கேக்குறது? கேக்காம நேரா சேதிக்கு வர்றேன்.

உன் பொண்ணு திவ்யாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. இன்னியோட இருபத்தி மூணு நாள். பாண்டி ஆஸ்பத்திரியில சுகப்பிரசவம். நிறம் உன் நிறம், நெத்தி உன் நெத்தி. காது மட்டும் பெருசா நிக்குது. அது நம்ம வீட்டுக் காது இல்ல, மாப்பிள்ளை வீட்டுது. சொன்னா திவ்யா முறைக்கிறா.

தாயும் பிள்ளையும் இப்ப மரக்காணத்துல நம்ம வீட்டுலதான் இருக்காங்க. உன் தம்பி ஏழுமலை கட்டிலை விட்டுக்குடுத்துட்டு வாசல்ல படுத்துக்குறான். அவன் பொண்டாட்டி தேவி பத்தியச் சோறு ஆக்கிப் போடறா. அவன் பசங்க ரெண்டும் ஸ்கூல் விட்டு வந்தா பையைக் கூடக் கழட்டாம குழந்தை முன்னாடி உக்காந்துக்குதுங்க. நீ இருந்திருந்தா கை கால் கழுவுங்கடான்னு விரட்டியிருப்ப.

இது உனக்கு மட்டும்னா எழுதவே வேணாம், உன் படத்து முன்னாடி நின்னு சொன்னாப் போதும். ஊர் படிக்கணும்னுதான் எழுதுறேன். உனக்கு வருஷம் வரப்போகுது. நோட்டீஸ் அடிச்சு வீட்டுக்கு வீடு குடுக்கலாம்னு ஏழுமலை சொன்னான். "நாலு வரி சொல்லும்மா, நான் போன்ல டைப் பண்ணிக்கிறேன்"னான். நாலு வரியில அடங்காதுடான்னு அவன் பொண்ணோட ரஃப் நோட்டை வாங்கிக்கிட்டு உக்காந்துட்டேன். ஒரு தப்பு ஊர் பார்க்க நடந்துச்சு. அதைத் திருத்துறதும் ஊர் பார்க்க நடக்கட்டும்.

நீ போன அன்னிக்கு ஏழுமலையோட ஆட்டோ ஸ்டாண்டு பசங்கதான் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிச்சுட்டு வந்தாங்க. ஓட்டு அட்டையில சிரிக்காம இருப்பியே, அந்தப் படம். ரெண்டு பக்கமும் விளக்கு. கீழ எங்க பேரெல்லாம். நம்ம தெரு திரும்புற முனையில கட்டினாங்க. உன்னைத் தூக்கிட்டுப் போனப்ப நான் தலை நிமிரல. மூணாம் நாள்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். தாயார் பச்சையம்மாள். தம்பி ஏழுமலை. அதுக்குக் கீழ, தங்கை திவ்யா.

அந்தப் பசங்க மேல தப்பு இல்ல கண்ணு. சாவு வீட்டுக்கு வந்தானுங்க. ஒரு பொண்ணு உன் கால்மாட்டுல விழுந்து அக்கா அக்கான்னு அழுவுது. அதே பொண்ணு என் தோள்ல சாஞ்சு அம்மான்னு அழுவுது. அவனுங்க வேற எப்படிப் போடுவானுங்க?

பதினாறு நாள் அந்த பேனர் நின்னுச்சு. காத்துல ஒரு பக்கம் பிச்சுக்கிட்டுத் தொங்குச்சு. பஸ்ஸுக்குப் போறவங்க, பால் வாங்கப் போறவங்க எல்லாரும் படிச்சாங்க. இந்தத் தெருவுல என் வயசுப் பொம்பளைங்கள்ல எழுத்து தெரிஞ்சவ நான் ஒருத்திதான்னு எவ்வளவு பீத்திக்குவேன், உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவ படிச்சும் மாத்தச் சொல்லல. ஏன் சொல்லலன்னு ஒரு வருஷமா யோசிக்கிறேன்.

இது எங்க ஆரம்பிச்சுது? என் கால்ல ஆரம்பிச்சுது.

திவ்யா பொறந்து அப்பதான் நாப்பது நாள். உன் வீட்டுக்காரன் லாரிக்குப் போறேன்னு போனவன், போனவன்தான். உங்கப்பா செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. ஏழுமலைக்கு எட்டு வயசு. அந்த மாசி மாசம் என் குதிகால் வெடிப்புல உப்புத்தண்ணி ஏறிப் புண்ணாகி, காலைக் கீழ வைக்க முடியல. உப்பளத்துல வேலைன்னா பாத்திக்குள்ள உப்புத்தண்ணியிலதான் நிக்கணும். வீட்டுல அடுப்பு எரியணும்னா யாராவது ஒருத்தி போயாகணும். நீ சுவத்துல சாத்தியிருந்த என் உப்பு வார்ற பலகையை எடுத்துக்கிட்ட. குழந்தையை என் மடியில வெச்ச. "உன் கால் ஆறுற வரைக்கும்மா"ன்ன.

என் பலகை உன் கைக்குப் போச்சு. உன் பிள்ளை என் மடிக்கு வந்துச்சு.

விடியறதுக்கு முன்னாடி போவ. வெயில் உச்சிக்கு ஏறினப்புறம் வருவ. வந்ததும் வராததுமா குழந்தைகிட்ட ஓடியாருவ. முகத்துல, முழங்கையில, புடவைக் கரையில எல்லாம் உப்பு பூத்திருக்கும். பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சிருக்கும். நான் வாசப்படியிலயே நிறுத்துவேன். "உப்புக் கையோட தொடாதடி, பச்சைப் புள்ளைக்கு எரியும். போய்க் குளிச்சிட்டு வா." நீ தண்ணியை ஊத்தி, கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு வருவ. அதுக்குள்ள நான் புட்டிப்பால் குடுத்துத் தூங்க வெச்சிருப்பேன். தூங்குற பிள்ளையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்ப. "எழுப்பட்டுமாம்மா?"ன்னு கேப்ப. வேணாம்பேன்.

நான் சொன்னது பொய் இல்ல. உப்பு எரியும்தான். ஆனா ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் பிள்ளையைப் பசியோட அழ விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? நீ குளிச்சிட்டு வந்து எடுத்திருப்ப. அவ்வளவுதானே?

வீட்டுல உன்னை அக்கான்னு கூப்பிட ஏழுமலை இருந்தான். என்னை அம்மான்னு கூப்பிட நீங்க ரெண்டு பேர் இருந்தீங்க. குழந்தை காதுல விழுந்தது அதுதான். பேச்சு வந்தப்ப என்னைப் பார்த்து ம்மான்னுச்சு. உன்னைப் பார்த்து க்கான்னுச்சு. பக்கத்து வீட்டு ராணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "ஏ அமுதா, நீ பெத்தது உனக்கே தங்கச்சி ஆயிடுச்சுடி." நீயும் கூடச் சிரிச்ச. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதை இப்ப ஒத்துக்குறேன்.

பெரிய குடும்பத்துல இது ஒண்ணும் புதுசு இல்ல. நானே என்னைப் பெத்தவளை அண்ணின்னுதான் கூப்பிட்டேன். எங்கப்பாவுக்கு நாலு தம்பிங்க. நாலு பேரும் அண்ணி சோறு, அண்ணி தண்ணின்னு கத்துவாங்க. நானும் சேர்ந்து கத்தினேன். அவ சாகற வரைக்கும் எனக்கு அண்ணிதான். "நான் அண்ணின்னு கூப்பிட்டு வளரலையா, எனக்கு இன்னா கொறஞ்சு போச்சு"ன்னு உன்கிட்ட எத்தினி தடவை சொல்லியிருப்பேன். அவளுக்கு என்ன குறைஞ்சுதுன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

உன்கிட்ட சொல்லாத ஒண்ணு சொல்றேன். பத்து வயசுல எனக்கு மஞ்சக்காமாலை வந்து கிடந்தேன். உடம்பு முடியாம எல்லாரும் முனகுற மாதிரி அம்மா, அம்மான்னு முனகியிருக்கேன். அடுப்புல இருந்த சட்டியை அப்படியே விட்டுட்டு அண்ணி ஓடியாந்தா. கை நிறைய மாவு. "இன்னா கண்ணு, கூப்ட்டியா? கூப்ட்டியா கண்ணு?" நான் கூப்பிடல. வலியில முனகினேன். அவ கூப்பிட்டதாவே நினைச்சுக்கிட்டா. அன்னிக்குப் பூரா என் பக்கத்தை விட்டு எழுந்திருக்கல.

திவ்யாவை ஒண்ணாவது சேர்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? நீ வேலைக்குப் போகாம, ஊதா கலர் புடவை கட்டிக்கிட்டு வந்த. ஹெட்மிஸ்ட்ரஸ் அவகிட்ட, "உங்கம்மா பேர் என்ன கண்ணு?"ன்னாங்க. "பச்சையம்மா"ன்னா கணீர்னு. உன்னைக் காட்டி, "இவங்க யாரு?" "அக்கா." அவங்க உன் கையில இருந்த பேனாவைப் பார்த்துட்டு, "அக்கா கையெழுத்து செல்லாதும்மா. அம்மாவைப் போடச் சொல்லுங்க"ன்னாங்க.

"நான்தாங்க அம்மா"ன்ன நீ.

அவங்க என்னைப் பார்த்தாங்க, நிஜந்தானான்னு கேக்குற மாதிரி. நீயும் என்னைத் திரும்பிப் பார்த்த. நான் தலையாட்டினேன். ஆனா உடனே ஆட்டல. ஒரு மூச்சு இழுத்து விடற நேரம் இருக்குமா? அவ்வளவுதான். அந்த நேரத்தை நான் எடுத்துக்கிட்டேன். உனக்கு அது எவ்வளவு நீளமா இருந்துச்சு அமுதா?

இனிமே சொல்லப்போறதை நோட்டீஸ்ல போடணுமான்னு ஏழுமலை கேப்பான். போடணும்.

என் கால் அந்த ஆனி மாசமே ஆறிடுச்சு. வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டுப் போட்டு வெடிப்பு மூடிக்கிச்சு. உப்பு வார்ற வேலை மழைக்காலம் வர்ற வரைக்கும் இருந்துச்சு. நான் போயிருக்கலாம். நீ வீட்டுல இருந்திருக்கலாம். நீ மாசா மாசம் கேட்ட, "கால் எப்படிம்மா இருக்குது?" நான், "இன்னும் குத்துதுடி"ன்னேன். உன் எதிர்ல நொண்டினேன். நீ தெரு முனை தாண்டினதும் நேரா நடந்தேன். அடுத்த தை மாசம் வேலை ஆரம்பிச்சப்பவும் குத்துதுன்னேன். பலகை உன்கிட்டயே இருந்துச்சு.

திவ்யாவுக்கு ஒன்றரை வயசு இருக்கும். ஒரு நாள் காலையிலயே எதிர்பார்க்காத கோடை மழை. மழை விழுந்தா விளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சிடும், வேலை கிடையாது, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு அது தோணல. நான் திவ்யாவை இடுப்புல வெச்சுக்கிட்டு, தெருவுல ராணியோட ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கிட்டு ஓடறேன். மழையில நனைஞ்சு அவ சிரிக்கிறா. அவ சிரிக்கச் சிரிக்க நான் ஓடறேன். திரும்பினா, முனையில நீ. தலையில சாக்கு, கையில பலகை. எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருந்தியோ.

"கால் தேவலையாம்மா?"

"இன்னிக்குத்தான்டி கொஞ்சம்."

நீ பலகையைச் சுவத்துல சாத்தின. கை கழுவப் போன. மறுநாள் வெயில் அடிச்சுது. வழக்கம் போல நீயே பலகையை எடுத்துக்கிட்டுக் கிளம்பின. அதுக்கப்புறம் என் காலைப் பத்தி நீ கேக்கவே இல்ல.

ஏன்டி கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே பிள்ளையை உன்கிட்ட குடுத்துட்டு நான் போயிருப்பேன். போயிருப்பேனா? அதுவும் தெரியல.

உப்புக்குப் பயந்து நான் அப்படிச் செய்யல. உன்னைப் பெத்து முப்பதாம் நாளே உப்பளத்துக்குப் போனவ நான். நீ குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது எதையும் நான் பார்க்கல. எல்லாம் அண்ணிதான் பார்த்தா. வீட்டுக்கு வந்தா, இன்னிக்குப் பல்லு வந்துச்சு, இன்னிக்கு எட்டு வெச்சான்னு சொல்லுவா. கேட்டுக்குவேன். அதனால திவ்யா தவழ ஆரம்பிச்சப்ப எனக்கு விட மனசு வரல. உனக்குச் செய்யாததை உன் பொண்ணுக்குச் செய்யறேன்னு நினைச்சுக்கிட்டேன். உன்கிட்டருந்து பிடுங்கித்தான் செய்யறேன்னு நினைக்கல.

ஆனா அண்ணி வளர்த்தும் நீ என்னை அம்மான்னுதான் கூப்பிட்ட. அது எப்படின்னு இப்பதான் யோசிச்சேன். நான் உப்பளத்துலருந்து வர்ற நேரத்துக்கு அண்ணி உன்னைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பா. தூரத்துல என் தலை தெரிஞ்சதும் கையை நீட்டி, "அதோ வர்றா பாரு அம்மா, அதோ வர்றா பாரு அம்மா"ம்பா. தினமும். மழையில கூட. அப்ப அது எனக்குப் பெருசாவே படல. தன்னை யாரும் கூப்பிடாத அந்த வார்த்தையை அவ எனக்காக உன் வாயில ஏத்திவிட்டிருக்கா. நான் அதை உனக்குச் செய்யல.

கடைசி வாரத்துக்கு வர்றேன். கிட்னி போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டதும் உன்னை வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். ஒரு மத்தியானம் நான் உன் காலை அமுக்கிக்கிட்டு இருந்தேன். தேவி துணி துவைக்கிற சத்தம் கேட்டுது. நீ கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணு கேக்கட்டுமாம்மா?"ன்ன.

"கேளுடி."

"திவ்யாவை ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிடச் சொல்லேன்."

நான் சிரிச்சேன். சிரிச்சேன்டி. "இன்னாடி இது, சின்னப் புள்ளையாட்டம். கூப்பிடறதுல இன்னா இருக்குது?"

நீ கோபப்படல. "உனக்கின்னாம்மா. நாங்க ரெண்டு பேருமே உன்னைத்தானே கூப்பிடுறோம்"ன்ன. அப்புறம் தண்ணி கேட்ட.

ஞாயித்துக்கிழமை திவ்யா வரட்டும், சொல்றேன்னேன். நீ வெள்ளிக்கிழமையே போயிட்ட. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. பேனர்ல தங்கைன்னு பார்த்துட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்தது இதனாலதான்னு நினைக்கிறேன். மகள்னு மாத்துன்னு சொன்னா, இத்தனை வருஷம் ஏன் மாத்தலன்னு நானே என்னைக் கேக்க வேண்டி வரும்.

ஒரு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. அப்புறம் திவ்யாவுக்கு வலி எடுத்துச்சு.

ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடல. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். உள்ள இருந்து அம்மா, அம்மான்னு சத்தம் வருது. நாலஞ்சு பொண்ணுங்க உள்ள. எது நம்ம பிள்ளை குரல்னு தெரியல. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எழுந்து நின்னேன். என்னைத்தானே கூப்பிடுவா? பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மா, "உக்காருங்க, நீங்க நின்னா குழந்தை சீக்கிரம் வந்துடுமா?"ன்னு கிண்டல் பண்ணாங்க.

கடைசியில ஒரு நர்ஸ் துணியில சுத்திக் கொண்டாந்தாங்க. "திவ்யா கூட வந்தது யாரு?"

"நான்தாங்க. அம்மா."

"பொண்ணும்மா. அவங்க அக்கா வரலையா?"

"எந்த அக்கா?"

"இங்க எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. உங்க பொண்ணு அக்கா, அக்கான்னு ஒரே கத்து. என்னைத்தான் கூப்பிடுதோன்னு, இங்கதான் இருக்கேன் கண்ணு, இங்கதான் இருக்கேன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே போச்சு." சொல்லிட்டு அவங்க சிரிச்சாங்க.

நான் குழந்தையை வாங்கிக்கிட்டு அந்த பெஞ்சுலயே உக்காந்துட்டேன். கால்ல பலம் இல்ல. இந்தத் தடவை பொய் இல்ல.

அமுதா, உனக்குக் கேட்டுச்சா? உயிர் போற வலியில அவ கூப்பிட்டது உன்னை. நான் எந்திரிச்சு எந்திரிச்சு நின்ன சத்தமெல்லாம் வேற வேற பொண்ணுங்களோடது. நம்ம பிள்ளை என்னை ஒரு தடவை கூடக் கூப்பிடல.

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு வாரம் போச்சு. திவ்யா பால் குடுத்துக்கிட்டே சொன்னா, "லீவு முடிஞ்சதும் பாப்பாவை இங்கயே உன்கிட்ட விட்டுர்றேம்மா. வாராவாரம் வந்து பார்த்துக்குறேன். என்னை வளர்த்தியே, அது மாதிரி வளர்த்துடு." அவளுக்குப் பாண்டியில ரத்தம் பரிசோதிக்கிற லேப்ல வேலை. மாப்பிள்ளை சதீஷ் குயிலாப்பாளையத்துல வெள்ளைக்காரங்க தங்குற ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல். அங்கதான் வாடகை வீடு. பார்த்துக்க ஆள் இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? அறுபத்தாறு வயசுல மறுபடி ஒரு பிள்ளை. சரின்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்ப ஏழுமலையோட பொண்ணு குழந்தை பக்கத்துல குனிஞ்சு, திவ்யாவைக் காட்டி, "பாப்பா, அது யாரு? அக்கா. அக்கா சொல்லு"ன்னுச்சு.

ஏழுமலை பசங்களுக்கு திவ்யா அக்காதானே. வேற என்ன சொல்லும் அது? எனக்குத் திறந்த வாய் அப்படியே நின்னு போச்சு.

பெத்தவ நீன்னு திவ்யாவுக்குச் சின்ன வயசுலயே தெரியும். சாயங்காலம் பசங்க விளையாடப் போனதும் அவளுக்குத் தெரியாத எல்லாத்தையும் சொன்னேன். என் கால் ஆறினதை, அந்த மழையை, நீ கேட்டதை. நான் சிரிச்சதையும் சொன்னேன். முடிச்சப்புறம் அவ, "அக்காவுக்குத் தெரியுமா, உன் கால் ஆறிடுச்சுன்னு?"ன்னா.

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"அக்கா என்கிட்ட சொன்னதே இல்ல." அப்புறம், "என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே. நான் கூப்பிட்டிருப்பேனே"ன்னு சொல்லி அழுதா. எனக்கு அவளைத் தொட தைரியம் வரல.

ரெண்டு நாள் என்கிட்ட பேசல. தேவி கையால போட்டாத்தான் சாப்பிட்டா. குழந்தையை என் பக்கம் நீட்டல. ஏழுமலை, "இன்னாம்மா ஆச்சு?"ன்னான். ஒண்ணும் இல்லடான்னேன். மூணாம் நாள் காலையில குழந்தையோட என் முன்னாடி வந்து நின்னா. "குளிக்கப் போறேன். புடி." நான் கையை நீட்டினேன். "கை கழுவிட்டுப் புடி"ன்னா.

போய்க் கழுவினேன் அமுதா. சோப்பு போட்டு, முழங்கை வரைக்கும். நீ தினமும் கழுவினியே, அது மாதிரி தேய்ச்சுத் தேய்ச்சு. திரும்பி வர்றதுக்குள்ள குழந்தை தூங்கிடுமோன்னு ஓடியாந்தேன். தூங்கல. அவ தூங்க விடாம கன்னத்தைத் தட்டிக்கிட்டு எனக்காக நின்னுக்கிட்டு இருந்தா.

அப்பதான் சொன்னேன், "பாப்பாவை இங்க விட வேணாம். நான் அங்க வர்றேன்."

"நீயா? உனக்கு நம்ம ஊர் தாண்டி மூணு நாள் தங்க முடியாதே. அன்னிக்கு வந்துட்டு, வெள்ளைக்காரங்க ஸ்கூட்டர்ல போறதைப் பார்த்தா தலை சுத்துதுன்னு மறுபஸ்ஸே ஏறினவதானே நீ?"

"சுத்தட்டும்."

"சதீஷ் பண்ற குழம்பு உனக்கு ஆகாது."

"நான் பண்ணிக்கிறேன். பாப்பா ராத்திரி உன் பக்கத்துலதான் படுக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யலாம்." கொஞ்ச நேரம் கழிச்சு, "இனிமே என்னை ஆயான்னு கூப்பிடு. நான் உன் பாட்டிதானே"ன்னேன். அவ ரெண்டு தடவை முயற்சி பண்ணா. மூணாவது தடவை சிரிச்சுட்டா. "வாய் வரலம்மா. இருபத்தாறு வருஷம்." நான் வற்புறுத்தல. அவளைக் குத்தம் சொல்லி என்ன?

நேத்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பேனர் கடைக்கு நானே போனேன். உன் வருஷத்துக்குக் கட்ட ஒண்ணு அடிக்கணும்னேன். கடைக்காரர் கம்ப்யூட்டர்ல உன் படத்தை எடுத்தார். "போன வருஷம் அடிச்சது அப்படியே இருக்குது ஆயா. தேதி மட்டும் மாத்திடவா?"

"வேணாம்பா. தங்கைன்னு இருக்குது பாரு, அதை மகள்னு மாத்து. பேத்தின்னு ஒண்ணு சேர்த்துக்க."

"அப்ப போன வருஷம் தப்பா அடிச்சுட்டோமா?"

"நீங்க தப்பா அடிக்கல."

"சொல்லியிருந்தா அப்பவே மாத்திக் குடுத்திருப்பேனே ஆயா. ஒரு நிமிஷ வேலை"ன்னார். தட்டினார். தங்கை போச்சு, மகள் வந்துச்சு. ஒரு நிமிஷம் கூட ஆகல.

அது ரெடியானதும் அதே முனையில கட்டச் சொல்றேன். தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, போன வருஷம் படிச்சவங்க எல்லாரும் படிக்கட்டும். அமுதாவுக்கு திவ்யா மகள். அமுதா அந்தக் குழந்தைக்கு ஆயா. அந்த ஆயாங்கிற பேரு உன்னோடது. அதையும் நான் எடுத்துக்க மாட்டேன். என்னைப் பெரியாயான்னு கூப்பிடட்டும், இல்ல கிழவின்னு கூப்பிடட்டும்.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கிறேன் கண்ணு. லீவு முடிஞ்சு திவ்யா வேலைக்குப் போக ஆரம்பிச்சதும், தினமும் சாயங்காலம் அவ பஸ் வர்ற நேரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்த வாடகை வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். குழந்தை பசியில அழுதாலும் அழட்டும், அவ வர்றதுக்கு முன்னாடி தூங்க வெக்க மாட்டேன். தூரத்துல அவ தலை தெரிஞ்சதும் கையை நீட்டிக் காட்டுவேன். அதோ வர்றா பாரு அம்மா. அதோ வர்றா பாரு அம்மா. குழந்தை வாயில அது வர்ற வரைக்கும் சொல்லுவேன். அந்த வார்த்தை முதல் தடவை வர்ற அன்னிக்கு, உன் படத்து முன்னாடி வந்து உனக்குச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உனக்கு அம்மா,
உன் பொண்ணுக்கு ஆயா,
பச்சையம்மாள்